தைரொக்சின் குளிசையும் காலைத் தேநீரும்

கேள்வி: மூன்று மாதமாகத் தினமும் 50 மைக்ரோகிராம் தைரொக்சின் (தைரொயிட் ஓமோன்) போடுகிறேன். காலையில் பால்தேநீரோடு அதையும் இரும்புச்சத்துக் குளிசையையும் விழுங்கிவிடுவேன். ரி.எஸ்.எச். இன்னமும் 9. குளிசையைக் கூட்டலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்களாகக் கூட்டாதீர்கள், முதலில் போடும் விதத்தைத் திருத்துங்கள். ரி.எஸ்.எச். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் சுரப்பதல்ல. மூளையின் அடியில் கடலையளவில் இருக்கும் கபச்சுரப்பி தைரொயிட்டுக்கு அனுப்பும் கட்டளை அது. இரத்தத்தில் தைரொக்சின் குறைந்தால் கட்டளை கூடும். போதியளவு வந்தால் அடங்கும். 9 என்றால் வேண்டிய அளவு இன்னும் இரத்தத்தில் சேரவில்லை. 50 போதாமலும் இருக்கலாம். ஆனால் இரும்புச்சத்து குடலிலேயே தைரொக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கல்சியமும் அப்படித்தான். பால்தேநீரும் தன் பங்குக்கு உறிஞ்சலைக் குறைக்கும்.

எழும்பியதும் வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரோடு போடுங்கள். தேநீருக்கு 30 முதல் 60 நிமிடம் பொறுங்கள் (கஷ்டம்தான்!). இரும்புச்சத்துக் குளிசையை மதியச் சாப்பாட்டுப் பக்கம் தள்ளுங்கள். இடையில் 4 மணிநேரம் வேண்டும்.

அடுத்த வாரமே பரிசோதித்தால் காசுதான் நட்டம். உடலில் இருக்கும் தைரொக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாளாகும், அதனால் இரத்தத்தில் அதன் அளவு நிலைப்பட வாரங்கள் எடுக்கும். ஆகவே 6 வாரம் கழித்துப் பாருங்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற விற்றமின் போடுபவரென்றால் பரிசோதனைக்கு இரண்டு நாளுக்கு முன்பே அதை நிறுத்துங்கள், அது ஆய்வுகூட முடிவைப் புரட்டிவிடும். அப்போதும் ரி.எஸ்.எச். இறங்காவிட்டால் வைத்தியர் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் கூட்டுவார். அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், நாளடைவில் எலும்பும் தேயும். கர்ப்பமாக இருந்தால் மட்டும் இந்த 6 வாரக் கணக்கு வேண்டாம். இன்றே வைத்தியரிடம் போங்கள்.