கை வலிக்கிறது என்றே சொல்லாத குழந்தைக்கு கார்ப்பல் டனல் சோதனை தேவையா?

பையனுக்கு ஐந்து வயது, ஹண்டர் நோய் (ஒரு என்சைம் குறைவதால் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உடைபடாமல் உடலில் தேங்கும் பரம்பரை நோய்), கை வலிப்பதாகச் சொன்னதே இல்லை, நரம்பில் மின்சைகை போகும் வேகத்தை அளக்கும் நரம்பு கடத்தல் சோதனையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போடாதீர்கள். கார்ப்பல் டனல் என்றால் மணிக்கட்டின் இடுக்கில் நரம்பு நசுங்குவது.

பெரியவர்கள் மரத்துப்போகிறது, சுரீரென்கிறது என்பார்கள். இந்தக் குழந்தைகளுக்கு அது மெல்ல மெல்ல வருவதால், கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பழகிவிடுகிறார்கள். அதனால் கையைத்தான் பார்க்க வேண்டும். சட்டைப் பொத்தானோடு மல்லாடுகிறானா? சிறு பொருளைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்காமல் மோதிர விரல், சுண்டுவிரல் பக்கமாக வாரி எடுக்கிறானா? இரவில் எழுந்து கையை உதறுகிறானா, விரலைக் கடிக்கிறானா? கட்டைவிரல் அடிமேடு தட்டையாகிவிட்டதா? மேடு வற்றிவிட்டால் ஏற்கெனவே தாமதம்தான்.

உடைபடாத அந்தச் சர்க்கரைச் சங்கிலிகள் (கிளைக்கோசமினோகிளைக்கன்கள்) மணிக்கட்டின் குறுக்குப் பட்டையிலும் தசைநாண் உறைகளிலும் தேங்கித் தடிக்கின்றன. இடுக்கில் நசுங்குவது கட்டைவிரல் பக்க விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பு. இப்படித் தேக்கம் வரும் பரம்பரை நோய்களில் ஹர்லர், ஷை, ஹண்டர், மரோட்டோ-லாமி, மியூக்கோலிப்பிடோசிஸ் வகைகளில் இது சர்வசாதாரணம். மணிக்கட்டைத் தட்டியும் மடக்கியும் பார்க்கும் சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. கடத்தல் சோதனையின்போது கை வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த கையில் நரம்பு மெதுவாகக் கடத்தும், அளவு தப்பும். முடிவை அந்த வயதுக்குரிய அளவோடு ஒப்பிட்டார்களா என்றும் கேளுங்கள். முடிவு இயல்பாக வந்தாலும் ஆண்டுக்கொரு முறை திரும்பப் பார்க்க வேண்டும்.

"வாரா வாரம் என்சைம் ஏறுகிறதே, அது போதாதா?" என்பார்கள். குறைந்த என்சைமை இரத்தத்தில் ஏற்றும் சிகிச்சையைக் குறை சொல்லவில்லை; ஆனால் தடித்த பட்டையைக் கரைத்து நரம்பை விடுவிக்கும் என்று அதை நம்பி உட்கார முடியாது. எலும்பு மஜ்ஜை மாற்று செய்த குழந்தைகளுக்கும் இது வருகிறது.

நசுங்கல் உறுதியானால் திறந்த அறுவை சிகிச்சைதான் வழக்கம். பட்டையை முழு நீளத்துக்கும் வெட்டிவிட்டு, உறை தடித்திருந்தால் அதையும் அகற்றுவார்கள். மடங்கி மாட்டிக்கொள்ளும் விரல் இருந்தால் அதையும் அப்போதே சரிசெய்யலாம். பெரிய ஆபத்து கையில் இல்லை, மூச்சுப்பாதையில்தான். நாக்கு பெரிது, கழுத்து விறைப்பு, குழாய் போடுவது கடினம். இத்தகைய குழந்தைகளைக் கையாண்ட மயக்க மருத்துவர் இருந்தே ஆக வேண்டும். காதுக் குழாய், குடலிறக்கம் என்று வேறு அறுவை இருந்தால் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள். பின்னாளில் மீண்டும் நசுங்கக்கூடும், கண்காணிப்பை விடக்கூடாது.

நீங்கள் கேட்காதது ஒன்று. சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு கையிலும் கார்ப்பல் டனல், விரல் மூட்டு விறைப்பு, ஆனால் வீக்கமோ சூடோ இல்லை, இரத்தத்தில் அழற்சிக் குறியும் இல்லை. இப்படி வரும் குழந்தைக்கு மூட்டுவாதம் என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பது இன்றும் நடக்கிறது. ஷை வகையும் மியூக்கோலிப்பிடோசிஸ் மூன்றாம் வகையும் இப்படித்தான் நழுவிப்போகின்றன. சிறுநீரில் அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளைத் தேடும் சோதனை இயல்பு என்று ஃபைலை மூடுவது இன்னும் மோசம்: அந்த மூன்றாம் வகையில் சிறுநீர் இயல்பாகவே இருக்கலாம், இரத்த என்சைம்களைப் பார்த்தால்தான் பிடிபடும்.