முட்டம் அருகே காற்றில்லாத இரவில் பாய்ப்படகு உருளுவது குறித்து

முட்டம் அருகே நங்கூரமிட்ட உங்கள் பாய்ப்படகு காற்றில்லாத இரவில் உருளுவதால் நங்கூரத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டியதில்லை. காற்று நின்றதும் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடுவதால்தான், நீங்கள் எழுதியிருப்பதைப்போல, அது இரவெல்லாம் பக்கவாட்டில் உருள்கிறது. அமரத்திலிருந்தும் (படகின் பின்பக்கம்) ஒரு சிறு நங்கூரம் இட்டு, அணியத்தை (முன்பக்கம்) அலை வரும் திசைக்கு நேராக நிறுத்துங்கள்.

தென் இந்தியப் பெருங்கடலின் புயல்கள் எழுப்பும் நெடிய அலை, இங்கே காற்றின் அடையாளமே இல்லாமல் வந்து சேர்வது பெரும்பாலும் காரணமாக இருக்கலாம். அலைச்சறுக்குக்காக நீங்கள் தேடி வந்த அலையும் அதுவே.

ஓர் அலைமுகடு அணியத்தைத் தூக்கும் கணத்திலிருந்து அடுத்தது தூக்கும்வரை நொடிகளை எண்ணிப் பாருங்கள். தொடர்ந்து 13-ஐத் தாண்டினால் அது தொலைவிலிருந்து வந்த அலைதான்.

கள்ளக்கடல் (தொலைவிலிருந்து வரும் அலையால், உள்ளூரில் காற்றில்லாமலே கடல் திடீரெனக் கரையில் பொங்குவது) எச்சரிக்கை உள்ள நாளில் இந்த ஏற்பாட்டை நம்பிக் கரையோரம் தங்க வேண்டாம். ஒதுங்குவதற்காகத் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுக முகத்துவாரத்துக்குள் நுழையவும் வேண்டாம். அங்கே மணல் மேடிட்ட இடத்தில் அலை செங்குத்தாக எழுந்து படகைக் கவிழ்க்கிறது. மீனவர்கள் பலர் அதில் உயிரிழந்திருக்கிறார்கள்.