மறு: அப்பாகிட்ட நன்றி சொல்ல வாய் வரல

அப்பாவோட பொறுமை உங்களுக்கு வந்திருக்கு, அத அவர்கிட்ட சொல்லணும், ஆனா எதிர்ல போய் நின்னா வாயே வரலன்னு எழுதியிருக்கீங்க. நானும் அப்படித்தாங்க இருந்தேன், எங்கம்மா விஷயத்துல. கதவ பூட்டிட்டு ரெண்டு தடவ இழுத்துப் பாக்குற ஆளு அவங்க, சின்ன வயசுல எனக்கு எரிச்சலா வரும், இப்ப பாத்தா ஒரு மெயில் அனுப்புறதுக்குள்ள நான் மூணு தடவ படிக்கிறேன், போன மாசம் அதனாலதான் கணக்குல ஒரு சைபர் கூடுதலா இருந்தது கண்ணுல பட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி போன் பண்ணி "உன் பூட்டு இழுக்குற புத்திதாம்மா இன்னிக்கு என்னைக் காப்பாத்துச்சு"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "சாப்டியா"ன்னாங்க. குரல் மட்டும் மாறியிருந்துச்சு.

அதனால நன்றிங்கிற வார்த்தைய விடுங்க, அது பெத்தவங்ககிட்ட கொஞ்சம் அந்நியமாத்தான் இருக்கும். அந்தப் பொறுமை உங்களுக்குக் கைகொடுத்த ஒரே ஒரு சம்பவத்த சொல்லுங்க, நேர்ல முடியலன்னா வாய்ஸ் மெசேஜ் போதும்.

ரத்தத்துல வந்ததா பாத்துப் பழகுனதான்னு கேட்டிருந்தீங்க. இரட்டைப் பிள்ளைங்கள வச்சு பண்ண ஆய்வுகள்ல, ஆளுக்கு ஆள் குணம் மாறுறதுல சுமார் 40, 50 சதவீதம் ஜீன்னு வருது. உங்கப்பா அதெல்லாம் கேக்க மாட்டாரு, இன்னிக்கே சொல்லிடுங்க.