வெளி ஃபிட்டிங் போட்டா வாரண்டி போயிடுமா? டெல்டா கார்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பன்னிரண்டு வருடம் தஞ்சாவூரில் ஒரு கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். இப்போது கும்பகோணம் பக்கம் எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் சொந்தப் பட்டறை. வாரண்டி இல்லை என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான், அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட வண்டியைச் சரிசெய்து கொடுப்பவனும் நான்தான். வெளியில் வாங்கி மாட்டும் சாமான்களையும் வாரண்டியையும் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: அண்ணே, வண்டி வாங்கி ஏழு மாசம். பேஸ் மாடல், அதனால வெளியில ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் ரிவர்ஸ் கேமராவும் போட்டேன். இப்ப ஏசி கூலிங் இல்ல, கண்டென்சர்ல கேஸ் லீக்காம். "வெளி ஃபிட்டிங் இருக்கு, வாரண்டி போச்சு"ங்கறாங்க. நெசமாவே போயிடுச்சா?

போகவில்லை. கண்டென்சர் என்பது ஏசி கேஸைக் குளிர்விக்கும் பாகம். அது இருப்பது பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால். டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ அதில் எப்படி ஓட்டை போடும்? இதைத்தான் அவர்களிடம் கேட்க வேண்டும். ஆனால் முதலில் எந்த இடத்தில் கசிகிறது என்று நீங்களே பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டுக் கல் பட்டுக் குழி விழுந்திருந்தால் ஸ்டீரியோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரண்டியில் வராது. இணைப்பில் கசிந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரண்டியில் பார்ட் மாற்றினால் டீலர் தன் கைக்காசைப் போட்டு மாற்றிவிட்டு, பழைய பார்ட்டையும் போட்டோவையும் காட்டிக் கம்பெனியிடம் பணம் வாங்க வேண்டும். பின்னால் ஆடிட் வரும். "இது கொடுத்திருக்கக் கூடாது" என்று ஆடிட்டர் எழுதினால் கொடுத்த பணத்தைக் கம்பெனி திரும்பப் பிடித்துக்கொள்ளும். அந்த டெபிட் யார் தலையில் விடியும்? அட்வைசர் தலையில். அதனால் வண்டியில் வெளி வயர் ஒன்று கண்ணில் பட்டாலே இல்லை என்று சொல்லிவிடுவது அவருக்குப் பாதுகாப்பு. நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் ஒன்றும் கேட்காமல் பணம் கட்டிவிட்டுப் போவார்கள்.

மீதிப் பாதிப் பேர் செய்ததை நீங்களும் செய்யுங்கள். "மறுக்கிறீர்கள் என்றால் காரணத்தை ஜாப் கார்டில் எழுதுங்கள். என் ஸ்டீரியோவால் கண்டென்சர் எப்படிக் கெட்டது என்றும் எழுதுங்கள்" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். வாயால் இல்லை என்று சொல்பவர் பேனாவை எடுக்கத் தயங்குவார். எழுத மறுத்தால் அன்று சாயங்காலமே நடந்ததை விவரமாகக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்புங்கள், டீலருக்கும் ஒரு நகல்.

வாரண்டி புத்தகத்தையும் ஒருமுறை வாசியுங்கள். "வெளிப் பாகத்தால் ஏற்படும் பழுதுக்குப் பொறுப்பில்லை" என்று இருக்கிறதா, "வெளிப் பாகம் மாட்டினால் வாரண்டி ரத்து" என்று இருக்கிறதா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பாபநாசம், கல்லூரி மாணவர்: கம்பெனி பார்ட்தான் போடணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்குன்னு ஒரு வீடியோல பார்த்தேன் சார்.

தம்பி, அது அமெரிக்கச் சட்டம். 1975-இல் வந்த மேக்னுசன்-மாஸ் சட்டம். நம்ம ஊர் ஷோரூமில் அந்தப் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். நம் நாட்டில் வாரண்டிக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதோடு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மேல் போட்ட உத்தரவு ஒன்று இருக்கிறது. வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, வெளியில் பார்த்த வேலையின் கோளாறால் எந்த அளவு சேதமோ அந்த அளவுக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்பது அதன் சாரம். அபராதம் சுமார் 2,545 கோடி ரூபாய். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஆகவே கவுண்டரில் மேஜையைத் தட்டிப் பேச இது உதவாது. எழுதும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் எடை கூடும்.

திருத்துறைப்பூண்டி, விவசாயி: ராத்திரி வயல் ரோட்டுல எருமை நிக்கிறது தெரியல. 100/90 பல்பு போடலாம்னு இருக்கேன். போடலாமா?

போடாதீர்கள் ஐயா. உங்கள் வண்டியில் வருவது 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. ஹை பீமில் 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி வயரும் சுவிட்சும் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் ஹோல்டர் பழுப்பேறும், பிறகு உருகும், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு மங்கும். அப்போது வாரண்டி கேட்டால் மறுப்பார்கள், அந்த மறுப்பு நியாயமானது. பேட்டரியிலிருந்து விளக்குக்குத் தனி வயர் கொடுக்கும் ரிலே கிட் போட்டால் கம்பெனி வயர் தப்பிக்கும், ஆனால் ரிஃப்ளெக்டருக்கு அந்தச் சூடு அப்படியேதான் இருக்கும். ஹாலஜன் கண்ணாடிக்குள் எல்இடி பல்பைச் சொருகினால் எதிரில் வருகிறவருக்குக் கண் கூசும், உங்களுக்கோ ரோடு சரியாகத் தெரியாது.

வேறு வழி உண்டு. விளக்குக் கண்ணாடி மஞ்சளாகியிருந்தால் பாலிஷ் போடுங்கள். அதே 60/55-இல் நல்ல கம்பெனிப் பல்பு புதிதாக வாங்கி இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பின்னால் உர மூட்டை ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கும், வெளிச்சம் ரோட்டை விட்டுத் தென்னை மரத்தில் விழும். ஸ்டீயரிங் பக்கத்தில் விளக்கை இறக்கும் சின்னச் சக்கரம் இருந்தால் அதைத் திருப்புங்கள்.

நீடாமங்கலத்திலிருந்து ஒரு அம்மா: சம்பா அறுப்பு முடிஞ்சா போதும், எங்க வீட்டு எலி எல்லாம் கார் பானெட்டுலதான் குடியிருக்கு. போன மாசம் வயரைக் கடிச்சு 14,000 ரூபா செலவு. இது வாரண்டில வராதா? எலி வலை போட்டா வாரண்டி போகுமா?

வராதும்மா. வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். எலிக்கு இன்சூரன்ஸைத்தான் கேட்க வேண்டும், அதுவும் பாலிசியைப் பொறுத்தது. வயரை மாற்றுவதற்கு முன்னால் சொல்லி, சர்வேயர் வந்து பார்த்த பிறகு மாற்றியிருக்க வேண்டும். அடுத்த முறை அப்படிச் செய்யுங்கள்.

வலை போடலாம். ஆனால் ரேடியேட்டருக்குக் காற்று வரும் வழியையும் ஃபேன் பக்கத்தையும் மூடக் கூடாது. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் போல்ட்டிலேயே மாட்டச் சொல்லுங்கள், புதிதாக ஓட்டை போட விடாதீர்கள். புகையிலைக் கட்டு தொங்கவிடுகிறவர்களும் உண்டு. சில வீட்டில் எலி ஓடியது, சில வீட்டில் புகையிலைக்குப் பக்கத்திலேயே குட்டி போட்டது. தொங்கவிட்டால் சைலன்சர் மேனிஃபோல்டில் படாமல் பாருங்கள். பானெட்டைத் திறந்தே நிறுத்தினால் இருட்டு போய்விடும், எலிக்குப் பிடிக்காது. மழை நாளில் மட்டும் மூடுங்கள்.

வேதாரண்யம்: உப்புக் காத்துல அடிப்பக்கம் துருப்பிடிக்குது. வெளியில அண்டர்பாடி கோட்டிங் அடிக்கலாமா?

அடிக்கலாம், நம் கடற்கரைக்கு அவசியமும்கூட. கெட்டுப்போவது அடிக்கிற விதத்தில்தான். கதவுக்கு அடியிலும் வாசல்படிக்கு அடியில் ஓடும் தகர ஓரத்திலும் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவசரக்காரப் பையன் அதன் மேலும் தாரை அடித்து மூடிவிடுவான். உள்ளே தங்கிய உப்புத் தண்ணீர் தகரத்தை உள்ளிருந்து தின்னும். இரண்டு வருடம் கழித்துத் துரு வாரண்டி கேட்டுப் போனால் மூடிய ஓட்டையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடிக்கும்போது கூடவே நில்லுங்கள். சைலன்சர், பிரேக் டிஸ்க், சென்சார் எதிலும் படக் கூடாது.

பட்டுக்கோட்டை: ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் பஃபர்?

வாரண்டி முடியும்வரை வேண்டாம். ஷாக் அப்சார்பர் லீக் ஆனால் அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தஞ்சாவூர்: 165/80 ஆர்14 டயருக்குப் பதில் 185/70 ஆர்14 போட்டா?

மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டரிலிருந்து 614.6-க்கு வரும். ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பழைய ரிம்மின் அகலம் புது டயருக்குச் சரியா, முழுத் திருப்பலில் உரசுகிறதா என்று மட்டும் பாருங்கள். இஞ்சினுக்கும் ஏசிக்கும் இதனால் வாரண்டி மறுக்க வழியே இல்லை. வீல் பேரிங், ஸ்டீயரிங் பற்றி வேண்டுமானால் வாதம் பேசுவார்கள். டயருக்கு வாரண்டி தருவது டயர் கம்பெனி, கார் கம்பெனி அல்ல. பேட்டரிக்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

கும்பகோணம், பாத்திரக்கடைக்காரர்: கம்பெனி சர்வீஸ்ல ஆயில் ஃபில்டர் விலை எங்கேயோ நிக்குது. உங்ககிட்டயே விட்டா என்ன?

என் பிழைப்புக்கு எதிராகச் சொல்கிறேன், வாரண்டி முடிகிறவரை அங்கேயே விடுங்கள். ஃப்ரீ சர்வீஸில் கூலிதான் இலவசம், ஆயிலுக்குக் காசு என்பது தெரியும். இருந்தாலும் வெளியில் விட்டு மிச்சமாவது சில நூறோ ஆயிரமோ. நாளைக்கு டர்போ போனால் பேச்சு லட்சத்தில் இருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் விடுபட்ட ஒரு சீல் போதும், அவர்களுக்குப் பிடி கிடைத்துவிடும். எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருந்தால் இன்னும் கறார், அது தனி ஒப்பந்தம்.

தூரத்தாலோ அவசரத்தாலோ வெளியில் செய்தே ஆக வேண்டும் என்றால் பில் இல்லாமல் செய்யாதீர்கள். ஆயில் கிரேடு, ஃபில்டர் பார்ட் நம்பர், கிலோமீட்டர், தேதி நான்கும் பில்லில் வர வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவான தனி ஆயில். டிராக்டருக்கு வாங்கிய டின்னில் மீதி இருக்கிறதே என்று ஊற்றிவிட்டு டிபிஎஃப் அடைத்துக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அங்கே நான் கம்பெனி பக்கம்தான் பேசினேன்.

வாரண்டி முடிந்த வண்டிக்கு இன்னொரு சங்கதி. பிரேக், ஆல்டர்னேட்டர், ஸ்டீயரிங் பாகங்களைக் கார் கம்பெனி பெரும்பாலும் தானே செய்வதில்லை. சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் போன்றவர்கள் செய்து கொடுக்கிறார்கள். அவர்கள் தங்கள் சொந்த டப்பாவிலும் விற்கிறார்கள், விலையும் பொதுவாகக் குறைவு. ரோட்டோரம் பெயரில்லாத டப்பாவில் கிடைப்பதையும் இதையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

மயிலாடுதுறை, டாக்ஸி ஓட்டுநர்: சிஎன்ஜி கிட் வெளியில போடலாமாண்ணே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இஞ்சின், எரிபொருள், வயரிங் மூன்றிலும் வாரண்டி கிட்டத்தட்ட முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பாகத்துக்கும் பழுதுக்கும் தொடர்பு காட்டுவது அவர்களுக்குச் சுலபம். உங்கள் மாடலுக்கு அனுமதி பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸிலும் சொல்ல வேண்டும், சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் என்னும் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். சொல்லாமல் மாட்டி விபத்தானால் வாரண்டியோடு கிளெய்மும் சிக்கலாகும். நாள் முழுக்க ஓடும் வண்டி என்றால், அடுத்த வண்டியைக் கம்பெனியிலேயே சிஎன்ஜியாக வாங்குவதுதான் எனக்குப் படுகிற வழி.

திருவாரூர்: முன்னாடி கிராஷ் கார்டு, உள்ள லெதர் சீட் கவர். ரெண்டும் ஓகேயா?

கிராஷ் கார்டைக் கழற்றுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. மோதலின் வேகத்தைச் சென்சார் சரியாக உணராவிட்டால் ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்ன எழுத்தில் தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த இடத்தை மூடித் தைத்த கவர் ஏர்பேக்கைத் தடுக்கும். ஏர்பேக் விரியும்போது பக்கத் தையல் விட்டுக்கொடுக்கிற மாதிரி தைத்த கவர் கேட்டு வாங்குங்கள்.

நன்னிலம்: பட்டறையில தகரம் வெட்டி இஞ்சினுக்கு அடியில கார்டு போட்டேன். ரோட்டுல உளுந்துச் செடி, வைக்கோல் பரப்பி வச்சிருக்காங்க, அது மேல ஓட்டித்தான் ஆகணும். இப்ப கருகல் வாடை வருது.

இன்றைக்கே வண்டியைத் தூக்கிப் பாருங்கள். வைக்கோல் கார்டுக்கு மேலே சேர்ந்திருக்கும். பக்கத்தில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் தீயாய்ச் சுடும். கம்பெனி கவரில் காற்றுக்கும் வடிகாலுக்கும் இடம் விட்டிருப்பார்கள், பட்டறைத் தகரத்தில் அது இருக்காது. கழற்றும்போது ஆக்சிலின் ரப்பர் உறையையும் பாருங்கள், வைக்கோல் சுற்றிக் கிழித்திருந்தால் கிரீஸ் சிதறியிருக்கும். வாரண்டியில் வராது, ஆனால் இப்போதே மாற்றினால் செலவு அந்த உறையோடு நிற்கும்.

மன்னார்குடிக்காரரே மறுபடி: மெயில் போட்டும் பதில் இல்லன்னா?

1915-க்கு அடியுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஷோரூம் திருச்சியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், உங்களுக்குத் திருவாரூர். வழக்குக்கு இரண்டு வருடக் கெடு. டாக்ஸி வண்டி வணிகப் பயன்பாடு என்று தட்டிக் கழிக்கப் பார்ப்பார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டினால் அவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது, மயிலாடுதுறைத் தம்பியும் குறித்துக்கொள்ளட்டும். ஜாப் கார்டு, ஸ்டீரியோ வாங்கிய பில், கசியும் இடத்தின் போட்டோ, மெயில் நகல் நான்கையும் ஒரே கவரில் வையுங்கள். அந்த ஸ்டீரியோவை வயர் வெட்டாமல், கம்பெனி பிளக்கிலேயே சொருகும் கப்ளர் போட்டு மாட்டினார்களா என்று கேட்க மறந்துவிட்டேன். வெட்டியிருந்தால் போட்டோவோடு பதில் போடுங்கள், அதற்குத் தனியாகச் சொல்கிறேன்.

வலங்கைமான்: நாதஸ்வர ஹாரன் போட்டா வாரண்டி போகுமா சார்?

வாரண்டி இருக்கட்டும் தம்பி, பல சுருதி ஹாரனே சட்டப்படி கூடாது. கழற்றிவிட்டு வாருங்கள், அறுத்த வயரை நான் ஒட்டித் தருகிறேன்.