அம்பலப்புழை அரிசிக் கணக்கு: கேட்டவையும் சொன்னதும்

கொழிஞ்சாம்பாறையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். கேரளத்து அம்பலப்புழைக் கோயில் கதையில், செம்பகச்சேரி ராஜா முனிவர் வேஷத்தில் வந்த கிருஷ்ணரிடம் சதுரங்கத்தில் தோற்றுப் பந்தயமாக அரிசி தர வேண்டி வரும். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று 64 கட்டத்தையும் நிரப்பினால் வரும் மொத்தம் 1,84,46,74,40,73,70,95,51,615. அதாவது 2-ஐ 64 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தது. அதைப் பற்றி வந்த கேள்விகள்தான் இவை.

செங்கோட்டையிலிருந்து: சார், கதையில் ராஜாவால் ஏன் கொடுக்க முடியவில்லை?

ஆயிரம் மணி 20 கிராம் என்று வைத்தாலே 36,000 கோடி டன்னைத் தாண்டுகிறது. இன்றைக்கு உலகம் முழுக்க ஒரு வருடத்தில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேல். அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட 700 வருட விளைச்சல், செம்பகச்சேரி ராஜா எங்கே போவார்? கிருஷ்ணர் இறங்கி வந்து, தினமும் பால் பாயசம் வை போதும் என்றார் என்பது கதை.

மீனாட்சிபுரத்திலிருந்து: மாஷே, 5-ல் முடிவதால் பகா எண் இல்லை, சரி. முழுசாக உடைப்பது எப்படி?

கால்குலேட்டரைத் தள்ளி வையுங்கள். பள்ளியில் படித்த a² − b² போதும். 2⁶⁴ − 1 என்பது (2³² + 1) × (2³² − 1), அந்த இரண்டாவதை மறுபடி அதே மாதிரி பிரிக்கலாம், அப்புறம் அதையும், இப்படியே இறங்கினால் 65537, 257, 17, 5, 3 என்று ஒவ்வொன்றாக உதிரும், எல்லாமே பகா எண்கள். மிச்சம் இருப்பது 2³² + 1 மட்டும். அதுவும் பகா எண்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-ல் இன்னொரு மேதை ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிளந்து காட்டினார். எனக்கு இந்த எண்ணில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

குமுளியிலிருந்து: அப்போ எத்தனை வகுத்திகள்? செவ்விய எண்ணா, அதாவது தன்னை விட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வருமா?

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. அதனால் 2⁷, 128 வகுத்திகள். தன்னை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினால் தன்னில் 70 சதவீதம்தான் தேறும், அதனால் செவ்விய எண் இல்லை.

களியக்காவிளையிலிருந்து: 3-ம் 15-ம் இதே வகைதானே, இரண்டும் முக்கோண எண்கள் (1 + 2 + 3 என்று வரிசையாகக் கூட்டினால் வருபவை). இதுவும் அப்படியா அண்ணே?

நல்ல கேள்வி! இல்லை. 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களில் 1, 3, 15, 4095 இவ்வளவுதான் முக்கோண எண்கள். நம் ராமானுஜன் 1913-ல் 2ⁿ − 7 எப்போதெல்லாம் வர்க்க எண் ஆகும் என்று எழுப்பிய கேள்விதான் கொஞ்சம் வேஷம் மாறி இப்படி நிற்கிறது. 1948-ல் நார்வே கணித அறிஞர் நாகெல் அதன் விடையை நிரூபித்தார்.

கம்ப்யூட்டர் படிக்கும் பையன் ஒருவன்: பைனரியில்?

வரிசையாக 64 ஒன்றுகள். கூட்டல், கழித்தல் குறி இல்லாத 64 பிட்டில் அடங்கும் பெரிய எண்ணும் இதுவே.

வாளையாரிலிருந்து: இலக்கங்களைக் கூட்டினால் 87, அதைக் கூட்டினால் 15, கடைசியில் 6. வண்டிக்கு நல்லதா?

அது ஜோசியரிடம் கேளுங்கள். 87 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது, எனக்கு அது போதும்.