ஐந்தாம் நிலையில் +3 பெருவாள்: எதைக் குறைப்பது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர விளையாட்டை நடத்தும் நீங்கள், ஐந்தாம் நிலை ஃபைட்டருக்கு (போர்வீரர் பாத்திரம்) +3 மாயப் பெருவாள் கொடுத்துவிட்டு, அவர் சண்டைகளைச் சீக்கிரம் முடித்துவிடுவதால் எதைக் குறைப்பது என்று கேட்கிறீர்கள். எதிரிகளின் ஆர்மர் கிளாஸை (அவர்கள்மீது அடி விழத் தாக்குதல் எட்ட வேண்டிய எண்) உயர்த்தாதீர்கள். வாளின் +3-ஐத் தாக்குதல் வீச்சிலிருந்து (அடி விழுமா எனப் பார்க்கும் பகடை வீச்சு) நீக்கி, சேதத்திற்கு மட்டும் விட்டுவையுங்கள். ஆர்மர் கிளாஸை உயர்த்தினால், மாய ஆயுதம் இல்லாத மற்ற வீரர்கள்தான் அடி தவறித் தவிப்பார்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளில், உங்கள் ஃபைட்டர் சண்டையை இரண்டே சுற்றில் முடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட்டாக (பாத்திரம் பெறும் சிறப்புத் திறன்) இருக்கும். வலிமை 18 உள்ளவர் அந்த ஃபீட்டின்படி தாக்குதல் வீச்சில் -5-ஐ ஏற்று +10 சேதம் கேட்டால், ஆர்மர் கிளாஸ் 15-க்கு எதிராக அடி விழ 40 சதவீத வாய்ப்பே உண்டு; இந்த வாள் அதை 55 ஆக்கி, அந்த ஃபீட்டுக்கான விலையையே கரைத்துவிடுகிறது.

அடுத்த ஆட்டத்தில் -5 ஏற்ற அடிகளைத் தனியே குறித்துப் பாருங்கள். சேதத்தின் பெரும்பங்கு அவற்றிலிருந்து வந்தால் மேற்சொன்ன மாற்றம் போதும்.

2024 விதிகளில் அந்த -5 கிடையாது என்பதால் இக்கணக்கு அங்கே பொருந்தாது. எதுவானாலும், வாளை மாற்றுமுன் அந்த வீரரிடம் பேசிவிடுங்கள்.