குறி ஏன் எப்போதும் தவறுகிறது?

பந்தோ கல்லோ, எதை எறிந்தாலும் குறி தவறுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எறிதல் கையின் வேலை மட்டுமன்று. காலில் தொடங்கும் விசை இடுப்பு, தோள், முழங்கை வழியாக மணிக்கட்டை அடையும் அந்த ஓட்டத்தில், விரல்கள் பந்தை விடும் கணம் சில மில்லி விநாடிகள் முந்தினால் பந்து உயரப் பறக்கும், பிந்தினால் முன்னதாகவே தரையில் குத்தும். இந்தக் கணக்கைச் சீர்செய்வதில் சிறுமூளைக்குப் பெரும் பங்குண்டு. திருவையாற்றுப் பக்கம் சம்பா அறுவடை முடிந்த வயலில் ஆடிய கிரிக்கெட்டில், நான் எறிந்த பந்து ஸ்டம்பை விட்டுவிட்டுச் சேற்று வாய்க்காலில்தான் விழும் (தேடி எடுப்பதும் என் பொறுப்பே). பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு உடலியக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு உண்டென மதிப்பிடுகிறார்கள். சட்டைப் பொத்தான் போடுவதும் எழுதுவதும்கூடச் சிரமமாயிருந்தால் மருத்துவரை அணுகலாம். மற்றபடி, வலக்கைக்காரர் இடக்காலை முன்வைத்து, 3 மீட்டர் தொலைவிலிருந்து பழகத் தொடங்கலாம்.